வெயிலுக்குப் போட்ட மார்க்

ஏப்ரல் 15, செவ்வாய்

இந்த டைரி எனக்கு வந்தது அல்ல. மருந்துக் கம்பெனிக்காரர்கள் டாக்டருக்குக் கொடுத்தார்கள், டாக்டர் என் மகள் சுகந்தியிடம் கொடுத்தார், அவள் என் தலையில் கட்டிவிட்டாள். அட்டையில் ஒரு பாதம். பாதத்துக்குள் மின்னல் வெட்டுவது போலப் படம். வரைந்தவனை நேரில் பார்த்தால் கை கொடுக்கலாம். என் காலை எங்கேயோ பார்த்திருக்கிறான்.

உத்தரவு என்னவென்றால், தினமும் வலிக்கு மார்க் போட வேண்டும். பூஜ்யம் என்றால் வலி இல்லை. பத்து என்றால் தாங்க முடியவில்லை. ஐம்பத்து மூன்று வருடமாக எனக்கு மார்க் போட்டவர்கள்தான் அதிகம். பத்தாம் வகுப்புக் கணக்கில் முப்பத்தாறு வாங்கித் தப்பித்தேன். பன்னிரண்டில் இரண்டு தடவை சறுக்கினேன். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்தவன்தான். இப்போதுதான் முதல் தடவையாக நான் மார்க் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தாராளமாகவே போடுவோம். இன்று எட்டு.

யாராவது எடுத்துப் படித்தால் தெரியட்டும்: பெயர் சீனிச்சாமி. சர்க்கரை நோயாளிக்கு வைத்த பெயரைப் பார் என்று சுகந்தி வேலை பார்க்கும் லேபிலேயே சிரிப்பு. மதுரை விளாங்குடியில் நான்கு மாடி அடுக்ககம், அதில் மூன்றாம் மாடி. பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன்.

கடைசிப் பரீட்சை அன்று பள்ளி வாசலில் பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். வலது கால் செருப்பு எப்போது கழன்றது, கால் எப்போது பிரேக்கை விட்டு நழுவியது, இரண்டும் எனக்குத் தெரியவில்லை. வேன் நாலடி தள்ளிப் போய் நின்றது. ஒரு பூந்தொட்டி உடைந்தது. அவ்வளவுதான். வேனுக்குள் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

வேன் முதலாளி அருளானந்தம் சுகந்திக்குப் போன் போட்டார். அவள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 16, புதன்

நேற்று கை வலித்ததால் டாக்டர் சொன்னதை எழுதவில்லை. டாக்டர் ஒரு பெண்மணி. சுகந்தியைவிடப் பத்து வயது கூட இருக்கலாம்.

"சர்க்கரை நரம்பை அரிச்சிருச்சு. அதான் எரியுது, அதான் மரத்தும் போகுது. ரெண்டும் ஒரே கால்லயே நடக்கும்," என்றார். அப்புறம் லேப் காகிதத்தைப் பார்த்து, "வைட்டமின் டி எட்டுதான் இருக்கு. முப்பதாவது இருக்கணும்" என்றார்.

"டி-ன்னா எதுல இருந்து வருதும்மா?"

"வெயில்ல இருந்து."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதுரையில் பிறந்து மதுரையில் வெந்தவனுக்கு வெயில் பற்றாக்குறையாம். மீனுக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று சீட்டு எழுதுகிற மாதிரி இருந்தது.

"நாளெல்லாம் வெயில்ல வண்டி ஓட்டுறேம்மா."

"கண்ணாடி ஏத்தி, முழுக்கை சட்டை போட்டு ஓட்டுறீங்க. கண்ணாடி வழியா சூடு வரும், இந்தச் சத்து வராது."

வாரம் ஒரு பொட்டலம் பொடி, பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் இருபது நிமிடம் கை, கால், முதுகில் வெயில் பட உட்கார வேண்டும். ராத்திரிக்கு ஒரு நரம்பு மாத்திரை. சோற்றைக் குறைக்க வேண்டும்.

"வெயில் பட்டா வலி போயிருமா?"

"டி குறைஞ்சவங்களுக்கு அதை நிரப்பினா சில பேருக்கு வலி கொறையுது. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். உங்க வில்லன் சர்க்கரைதான்."

"வேன்?"

"மே முப்பதாம் தேதி வாங்க. உள்ளங்கால்ல உணர்ச்சி இருக்கான்னு டெஸ்ட் பண்ணிட்டு, ஓட்டலாமா வேணாமான்னு எழுதித் தர்றேன்."

ஜூன் இரண்டு பள்ளி திறக்கிறது. அன்றைக்கு ஸ்டியரிங் என் கையில் இருக்கும். இதை மையால் எழுதுகிறேன், அழிக்க முடியாது.

வலி எட்டு.

ஏப்ரல் 17, வியாழன்

வெயில் ஊர் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, எங்கள் மொட்டை மாடிக்குத்தான் பூட்டு. சாவி நான்காம் மாடி மெகருன்னிசா டீச்சரிடம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவரிடம் போய் நின்றதும் கையைத் தானாகப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எதுக்குச் சாவி?"

"வெயில் காயணும் டீச்சர். டாக்டர் சொல்லிருக்காங்க."

"நீங்களுமா? ஏற்கெனவே மாங்கா காயுது, மிளகா காயுது, உங்க வீட்டம்மா கூழ் வத்தல் வேற ஊத்துறாங்க." கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார். "தர்றேன். ஒரு கண்டிஷன். மாடிக் கதவுக்கு அங்கிட்டு செருப்பு வரக் கூடாது. சாப்பிடுற சாமான் காயுற இடம்."

இதற்கு என்ன கண்டிஷன். வத்தல் காயும் இடத்தில் எந்த மனிதன் செருப்போடு நடப்பான். சரி என்று சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

முதல் நாள். பதினொன்றரை. செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டேன். மடித்துக் கட்டிய லுங்கி, மேலே ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். தொப்பை மட்டும் நிழலில் இருந்தது. என் தொப்பையின் நிழல் எவ்வளவு பெரியது என்று இன்றுதான் பார்த்தேன்.

இருபது நிமிடம் கழித்துக் கீழே இறங்கினால் என் மனைவி இந்திராணி மோர் வைத்திருந்தாள். "கருவாடு காயப் போட்டாக் கூட ஒரு தடவ பெரட்டி விடுவாங்க. திரும்பி உக்காந்தீங்களா?" என்றாள். உட்காரவில்லை. நாளை திரும்ப வேண்டும்.

வலி எட்டு.

ஏப்ரல் 19, சனி

எட்டு. வலியைப் பற்றி ஒரு வரியாவது எழுது என்கிறாள் சுகந்தி. எழுதுகிறேன். சாக்ஸுக்குள் சுடுமணலைப் போட்டு, அதற்குள் செவ்வெறும்புகளை விட்டு, சாக்ஸின் வாயைக் கட்டிவிட்டது போல. மேலே போர்வை பட்டால்கூட ஆகாது. ஆனால் நான் சாக்ஸ் போடுவதே இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் வீட்டில் பொறுக்காது. இந்திராணி வத்தலுக்குக் காவல் வேலை கொடுத்துவிட்டாள். கையில் ஒரு குச்சி, அதன் முனையில் கறுப்பு பாலித்தீன் பை. காக்கா வந்தால் ஆட்ட வேண்டும். டீச்சரின் மாங்காய்க்கும் சேர்த்து.

பத்தொன்பது வருடம் முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கு மூன்று காக்காய்கள் பெரிய விஷயமில்லை. ஆனால் காக்காய்களுக்கு அது தெரியவில்லை. எட்டு வத்தல் நஷ்டம்.

வலி ஏழரை. சுகந்தி அரை மார்க் எல்லாம் கிடையாது என்கிறாள். அப்படியானால் ஏழு.

ஏப்ரல் 24, வியாழன்

ஏழு.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஏழு. ஆனால் சிரிக்கிற ஏழு.

சுகந்திக்கு லீவு. மேலே வந்து கதவு நிழலில் நின்றாள். "ப்பா, மாத்திரை ஆரம்பிச்சதும், சோத்தக் கொறச்சதும், பொடி குடிச்சதும், வெயில்ல உக்காந்ததும் எல்லாம் ஒரே வாரத்துல. இதுல எது வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"வெயில்தாம்மா. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மாத்திர முழுங்குறப்ப சந்தோசமாவா இருக்கு? வெயில்ல உக்காந்தா இருக்கே."

இதை அவள் லேப் படிப்பில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று நடந்ததை விரிவாக எழுத வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு மெகருன்னிசா டீச்சர் மாங்காயைப் புரட்ட மேலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அடி வைத்தார். அடுத்த அடியில் துள்ளினார். எழுபது வயதுத் தலைமையாசிரியை பாண்டி ஆடுவதை நான் என் ஆயுளில் முதல் தடவையாகப் பார்த்தேன். ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டார்.

நான் நடுவெயிலில், தட்டை ஓடு பதித்த தரையில், இரண்டு காலும் ஊன்றி நின்று காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன சீனிச்சாமி, கால்ல லாடம் அடிச்சிருக்கீங்களா?"

"பழகிருச்சு டீச்சர்."

பழகிவிட்டது. அதுதான் உண்மை. முதல் வாரம் தரை லேசாகச் சுட்டது. இந்த வாரம் வெதுவெதுப்பு மாதிரிதான் இருக்கிறது. எரிச்சலும் குறைந்திருக்கிறது. வெயில் உள்ளே இறங்கி நரம்பைச் சரிசெய்கிறது என்றால் வேறு எப்படித் தெரியும். பூக்குழி இறங்குகிறவர்கள் விரதம் இருக்கிறார்கள். எனக்கு ஒரு பொட்டலம் பொடி போதுமாக இருக்கிறது.

டீச்சருக்கு மாங்காயை நானே புரட்டிக் கொடுத்தேன். தட்டுத் தட்டாக, அவசரமில்லாமல்.

வலி ஆறு.

மே 1, வியாழன்

ஐந்து. அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி ஆரம்பம். ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. எனக்கு மட்டும் தீபாவளி. இருபது நிமிடத்தை நாற்பத்தைந்தாக்கினேன். இந்திராணி "டாக்டர் சொன்னது இருவது" என்றாள். டாக்டருக்கு என் கால் இவ்வளவு வேகமாகத் தேறும் என்று தெரியாதே. நாற்காலியில் பத்து நிமிடம்தான் இருந்தேன், மற்ற நேரமெல்லாம் நடை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து தொட்டி வரை. கிளட்ச், பிரேக், கிளட்ச், பிரேக் என்று மனதுக்குள் மிதித்துக்கொண்டே நடந்தேன்.

சாயங்காலம் அருளானந்தம் போன். "சீனியண்ணே, ஒண்ணாந்தேதிக்குள்ள டாக்டர் பேப்பர் வந்துரும்ல? ஒரு பையன் சோழவந்தான்ல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கான். நான் உங்களுக்காகத்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன்."

"வந்துரும் தம்பி. காலு இப்ப இரும்பு மாதிரி இருக்கு."

வலி ஐந்து. நாலு என்று போட்டுவிட்டு, பேராசை வேண்டாம் என்று ஐந்தாக்கினேன்.

மே 7, புதன்

மத்தியானம் மாடியிலிருந்து இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தேன். இந்திராணி தட்டோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"கால் கழுவிட்டுத் துடைக்காம வந்தீங்களா?"

"கழுவவே இல்லையே."

வாசலிலிருந்து என் நாற்காலி வரை டைல்ஸில் ஈரக் காலடிகள். குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. தண்ணீர் அந்த நிறத்தில் இருக்காது.

காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் பொரித்த அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. குதிகாலில் ஒரு கொப்பளம் கிழிந்து தோல் தொங்கியது. மற்ற காலிலும் அதேதான். என் காலைத்தான் பார்க்கிறேன், கறிக்கடையில் தொங்குவதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. துளிக்கூட வலிக்கவில்லை.

சுகந்தி லேபிலிருந்து வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா ப்பா இப்படி?"

"தெரியலம்மா. வலிக்கலையே."

"அதான் ப்பா பயமா இருக்கு."

இன்று மார்க் இல்லை.

மே 8, வியாழன்

டாக்டர் என்னைத் திட்டவில்லை, செருப்பைப் பற்றித்தான் கேட்டார். மாடியில் செருப்பு போடுவதில்லை என்றேன். ஏன் என்றார். வத்தல் காய்கிறதே என்றேன். பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"எரிச்சல் கொறஞ்சதுன்னு சந்தோசப்பட்டீங்கள்ல? அதுல கொஞ்சம் மாத்திரையால இருக்கலாம், கொஞ்சம் வெயிலால இருக்கலாம். கொஞ்சம் உணர்ச்சியே போனதால. வெளக்கு மங்கினா கண்ணு கூசாது, அந்த மாதிரி."

மூன்று வாரம் தினமும் கட்டு. கீழே கால் ஊன்றக் கூடாது.

தரை சுடவில்லை என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேனே, ஏப்ரல் 29. கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. முட்டாள்தனத்துக்கும் ஒரு சாட்சி இருக்கட்டும்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். எனக்குத் தெரிந்து நான் போகாத முதல் வருடம். இந்திராணியையும் போகச் சொன்னேன், மாட்டேன் என்றாள். டிவியில் லட்சம் கால்கள் வெறுங்காலாக மணலில் நடப்பதைப் பார்த்தேன். எல்லாக் காலும் சுடுகிற இடத்தில் துள்ளியது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வலி ஏழு. வெயில் இல்லை. மாடிச் சாவியை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

மே 15, வியாழன்

ஏழு. வெயிலையும் கொடுத்துவிட்டேன், காலையும் கொடுத்துவிட்டேன், ஏழு மட்டும் என்னிடமே இருக்கிறது.

மே 17, சனி

டீச்சர் வந்தார். கையில் ஒரு அட்டைப் பெட்டி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கண்டிஷன் போட்டவ நான்தான்," என்றார். "முப்பத்தாறு வருசம் பள்ளிக்கூடத்துல ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன வியாதின்னு கேட்டு ரிஜிஸ்தர்ல எழுதினவ. உங்களக் கேக்கல."

"நானும் சொல்லலையே டீச்சர்."

"சொல்ல மாட்டீங்க. நீங்கள்லாம் கடைசி பெஞ்சு."

பெட்டியில் சர்க்கரைக்காரர்கள் போடும் எம்சிஆர் செருப்பு. பின்னால் ஒட்டுப்பட்டை வைத்தது. "இது தெருவையே பாக்காத செருப்பு. மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஆணி அடிச்சு மாட்டிருவோம். மாடிக்கு மட்டும். அப்ப எவன் என்ன சொல்லுவான்?"

"வெயிலே வேணாம்னு இருக்கேன் டீச்சர்."

"வெயில் என்ன பண்ணுச்சு உங்களை? சுட்டது தரை. பத்து நாளா என் மாங்காயக் காக்கா கொண்டுபோகுது."

சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். இந்திராணி அந்தச் செருப்பைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள், பலகாரம் கொண்டுபோகிற மாதிரி.

மே 18, ஞாயிறு

போனேன். கைப்பிடியைப் பிடித்து, கட்டுக் காலை ஊன்றாமல், படிப்படியாக உட்கார்ந்தே ஏறினேன், படிக்கு ஒரு மூச்சு. சுகந்தி ஒரு பக்கம், இந்திராணி ஒரு பக்கம். எம்சிஆர் செருப்பு கட்டுக்கு மேல் நுழையவில்லை. காலைத் தரையில் வைக்காமல் இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்தாள் சுகந்தி. அதன் மேல் ஒரு ஈரத் துண்டு.

இருபது நிமிடம். கடிகாரம் வைத்து. இருபதாவது நிமிடத்தில் சுகந்தி விசில் அடித்தாள், நடுவர் மாதிரி.

சூரியனைப் பார்த்துச் சொன்னேன்: நீ ஜெயிக்கலை, நானும் தோக்கலை. ஆட்டம் இன்னும் இருக்கு. சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. இந்திராணி, "யார்கிட்ட பேசுறீங்க?" என்றாள்.

வலி ஏழு.

மே 22, வியாழன்

ஆறு. ஏன் என்று கேட்காதே என்று சுகந்திக்குச் சொல்லிவிட்டேன். அவளும் கேட்கவில்லை. புண் நன்றாக மூடுகிறது என்றாள்.

மே 25, ஞாயிறு

கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் அந்த டெஸ்டைப் பார்க்கிறேன். ஒரு நைலான் இழை. அதை உள்ளங்காலில் பத்து இடத்தில் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, பட்டால் "ஆமா" சொல்ல வேண்டும். பத்தில் எட்டாவது வந்தால் பேப்பர் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த நர்ஸ் தொடுவதில் ஒரு தாளம் இருக்கிறது. தொடு, மனதுக்குள் மூன்று எண்ணு, தொடு. பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் செய்யும்போது நானும் எண்ணிப் பார்த்தேன். தப்பவே இல்லை. பத்தாம் வகுப்பில் அந்த முப்பத்தாறு எப்படி வந்தது என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முப்பத்தெட்டு.

இந்திராணியிடம் விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக் கொடுத்தேன். "மூணு மூணு எண்ணித் தொடு. புண்ணு பக்கம் போகாத."

கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஆமா. ஒன்று, இரண்டு, மூன்று, ஆமா. பத்துக்குப் பத்து. கண்ணைத் திறந்து, "பாத்தியா?" என்றேன்.

இந்திராணி குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சாவதுக்கு அப்பறம் நான் தொடவே இல்லீங்க," என்றாள்.

குச்சியை விளக்குமாற்றிலேயே திரும்பச் செருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் இவ்வளவு கடுமையாக என்னைத் திட்டியதில்லை.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. ஆறு. அருளானந்தம் இரண்டு தடவை போன் செய்தார். எடுக்கவில்லை.

மே 30, வெள்ளி

ஏப்ரல் 15-ஆம் தேதி எழுதியதில் ஒரு வரி விட்டுப்போயிற்று. அதை இன்று எழுதிவிடுகிறேன்.

அந்தப் பூந்தொட்டிக்குப் பின்னால் கனிஷ்கா நின்றாள். யூகேஜி. தண்ணீர் பாட்டில் மூடி உருண்டுவிட்டது என்று குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டி உடைந்து மண் அவள் ஷூ மேல் கொட்டியது. தொட்டி இல்லாவிட்டால், வேன் இன்னும் ஓரடி போயிருந்தால் என்று நான் ஒரு நாளும் எழுதவில்லை. நினைக்காமல் இருந்ததும் இல்லை. வேனுக்குள் பிள்ளைகள் கைதட்டினார்கள் என்று எழுதினேன். அவள் கைதட்டவில்லை. பாட்டில் மூடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

டெஸ்ட். கண்ணை மூடச் சொன்னார்கள். தாளம் வந்தது. எனக்கு அது மனப்பாடம். ஒன்று, இரண்டு, மூன்று. வாய் வரைக்கும் வந்தது, ஆமா. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் வந்தது. மறுபடியும் விழுங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக விடை தெரிந்தும் எழுதாமல் ஒரு பரீட்சையில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரே கேட்டுவிட்டார். "என்ன சீனிச்சாமி, தூங்கிட்டீங்களா?"

"முழிச்சுத்தான் இருக்கேம்மா. காலுதான் தூங்குது."

இடது கால் பத்தில் நாலு. வலது கால், பிரேக் மிதிக்கும் கால், பத்தில் ஒன்று.

டி முப்பத்தொன்றாம். எட்டிலிருந்து முப்பத்தொன்று. என் மார்க் ஷீட்டில் இப்படி ஒரு முன்னேற்றம் இதற்கு முன் இருந்ததில்லை.

"வலி எட்டுல இருந்து ஆறுக்கு வந்திருக்கும்மா. வெயிலா, மாத்திரையா?"

"உங்களுக்கு எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். ரெண்டையும் விடாதீங்க, சர்க்கரையையும் விடாதீங்க. ஆனா மரத்துப்போனது திரும்பும்னு நான் சொல்லவே இல்ல. வேன் வேணாம்."

"வேணாம்னு நானே முடிவு பண்ணிட்டேம்மா. நீங்க எழுதுங்க."

வெளியே வந்ததும் சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போது முன்னால் போகும் வண்டி பிரேக் போட்டபோதெல்லாம் என் வலது கால் தானாக மிதித்தது. மிதித்தது எனக்குத் தெரியவில்லை. அவள்தான் பார்த்துச் சொன்னாள்.

ஜூன் 1, ஞாயிறு

அருளானந்தம் வீட்டுக்கே வந்தார். வேன் சாவி இத்தனை நாளும் என் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"ஏண்ணே, ஒரு பேப்பர்தான? வேற டாக்டர்கிட்ட போனா எழுதிக் குடுப்பாங்க."

"வேற டாக்டர் கெடைப்பாரு தம்பி. வேற காலு கெடைக்காது."

"பத்தொன்பது வருசம் ஒரு கீறல் இல்லாம ஓட்டிருக்கீங்க. ஒரு பூந்தொட்டிக்கா இம்புட்டு?"

"பூந்தொட்டின்னு நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

சாவியை அவர் சட்டைப் பையில் நானே போட்டேன். அவர் எழுந்திருக்கும் வரை காத்திருந்து அடுத்ததைச் சொன்னேன்.

"கதவுகிட்ட நின்னு பிள்ளைகள ஏத்தி எறக்க ஆள் வேணும்ல. ஆயம்மா மக பிரசவத்துக்குப் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். நான் வர்றேன்."

"நீங்களா? கிளீனராவா? வேணாம்ணே, பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"சீனிச்சாமி கீழ எறங்கிட்டாம்பாங்க. கதவுப் படி வரைக்கும் எறங்கினா போதும். ஆனா ஒண்ணு. வேன் முழுசா நின்னு, நான் சொன்னப்பறந்தான் கதவு தொறக்கும். அந்தச் சோழவந்தான் பையன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

தலையைச் சொறிந்தார். "நீங்களே சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா பயப்படுவான்," என்றார்.

வலி ஆறு. இந்திராணி ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டாள். தோசை பக்கத்தில் நாலு கூழ் வத்தல். நான் காவல் காத்த வத்தல்.

ஜூன் 2, திங்கள்

சோழவந்தான் பையன் நன்றாகத்தான் ஓட்டுகிறான். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். காளவாசல் சிக்னலில் கிளட்சைக் கொஞ்சம் அதட்டி விடுகிறான். சொன்னேன். முறைத்தான். இரண்டாவது தடவை சரியாக விட்டான்.

ஏழு நாற்பதுக்குக் கனிஷ்கா வீடு. இப்போது ஒன்றாம் வகுப்பு. புதுப் பை, புதுத் தண்ணீர் பாட்டில். வேன் நின்றது. முழுசாக நின்றது. நான் கதவைத் திறந்து படியில் இறங்கி அவள் கையைப் பிடித்தேன்.

"அங்கிள், நீங்க ஓட்டலையா?"

"இல்லம்மா. இனிமே இங்கதான் டூட்டி."

அவள் ஏறாமல் கீழே பார்த்தாள். "அங்கிள், செருப்பு."

பார்த்தேன். என் வலது கால் வெறுங்காலாகத் தார் ரோட்டில் நின்றது. தெருவுக்கென்று சுகந்தி வாங்கிக் கொடுத்த செருப்பு, ஒட்டுப்பட்டை விட்டுப்போய், படியிலேயே உட்கார்ந்திருந்தது. எப்போது கழன்றதென்று எனக்குத் தெரியாது. பிரேக் மேல் இருந்தது வேறு ஒருவனுடைய கால், உயிருள்ள கால்.

கனிஷ்கா செருப்பை எடுத்துக் கீழே போட்டாள். நான் காலை நுழைத்தேன், பட்டையை இழுத்து ஒட்டினேன். "மாட்டிட்டீங்களான்னு நாளைக்கும் பாக்குறேன்," என்றாள்.

"பாரும்மா. தினமும் பாரு."

பிள்ளைகளை இறக்கிவிட்டு பத்தரைக்கு வீடு. பதினொன்றரைக்கு மாடி. கதவுக்கு உள்ளே ஆணியில் என் செருப்பு. தரை எவ்வளவு சுடுகிறது என்று தெரிந்துகொள்ள, குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கை துள்ளியது. நல்லது, கை இன்னும் என் பக்கம்தான்.

சட்டையைக் கழற்றினேன். சூரியனுக்கு முதுகைக் காட்டினேன். பத்தாவது நிமிடத்தில் திரும்பி உட்கார்ந்தேன்.

வலி ஆறு. இருக்கட்டும். நாளைக்கும் பதினொன்றரைக்குத்தான் வருவேன், அதுவும் கூடவே மாடி ஏறட்டும்.